ஆள் சேர்ந்தால் புறப்படும் வண்டி

குருவிகுளத்துப் பெரியவர்கள் காரைக் 'கார்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுக்கு அது 'பிளசர்'. சரக்கு லாரியினின்றும் பயணிகள் பஸ்ஸினின்றும் சொந்த உபயோகத்துக்கான வண்டியைப் பிரித்துக் காட்டுவதற்காக ஆங்கிலத்தில் 'பிளஷர் கார்' என்றொரு பெயர் வழங்கியது. 'உல்லாச வண்டி' என்று அதனைத் தமிழில் சொல்லலாம். நம் ஊரார் பின்பாதியை நீக்கிவிட்டு முன்பாதியை வைத்துக்கொண்டார்கள். நான் இங்கே சொல்லப்போகும் வண்டிக்கும் உல்லாசத்துக்கும் உள்ள உறவு அந்தப் பெயரோடு முடிந்துவிட்டது. வண்டிக்குள்ளே பத்துப் பேர். பின்பெட்டியில் மிளகாய் வற்றல் மூட்டை. கூரையின்மேல் பருத்திப் பொதி. யாரோ ஒருவர் மடியில் காலைக் கட்டிய சேவல். இந்தக் கோலத்தில்தான் அது கோவில்பட்டிச் சாலையில் ஓடியது. கூட்டாக ஏறி, ஆளுக்கொரு பங்கு கட்டணம் கொடுத்துச் செல்லும் வாடகை வண்டியைப் பற்றியே நான் பேசுகிறேன்.

குருவிகுளம் எங்கே இருக்கிறது என்று கேட்கும் மாணவர்களும் இருப்பார்கள். சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே, கழுகுமலைக்கு அண்மையில், கரிசல் பூமியில் அமைந்த பழைய ஜமீன் ஊர் அது. முன்னர் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. கிழக்கே கோவில்பட்டிக்கு 1876ஆம் ஆண்டிலேயே ரயில் வந்துவிட்டது. மேற்கே சங்கரன்கோவிலுக்கு 1927இல் வந்தது. இரண்டு இருப்புப் பாதைகளுக்கும் இடையில் அகப்பட்ட எங்கள் ஊர் எந்த ரயிலையும் காணவில்லை. பருத்தி விற்க வேண்டுமானாலும், வைத்தியம் பார்க்க வேண்டுமானாலும், ரயிலேற வேண்டுமானாலும் ஏதாவது ஒரு திசையில் போயாக வேண்டும். பஸ் உண்டு, காலையில் ஒன்று, உச்சியில் ஒன்று, மாலையில் ஒன்று என்ற கணக்கில் வரும். ஒரு பஸ் போய் மறு பஸ் வருகிற வரையிலுள்ள அந்த நீண்ட இடைவெளியில்தான் பிளசர் பிழைத்தது.

மண்ணையும் கவனிக்க வேண்டும். கரிசல், கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் நீரைக் குடித்து உப்பிக் களியாகிவிடும். அந்தக் களி சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறி, கடைசியில் சக்கரம் எது, மண் எது என்று தெரியாதபடி ஆக்கிவிடும். தார்ச் சாலையை விட்டு ஒரு பாகம் இறங்கினாலும் ஆபத்துத்தான். இத்தகைய நிலத்தில் ஓடும் வண்டி தரையிலிருந்து உயர்ந்து நிற்க வேண்டும். அடி வாங்கத் தெரிந்திருக்க வேண்டும். வழியில் நின்றுவிட்டால் வழியிலேயே சரிசெய்யக் கூடியதாகவும் இருக்க வேண்டும்.

இனி அந்த வண்டி நடந்த முறையைச் சொல்கிறேன். பஸ் கடிகாரத்தைப் பார்த்துப் புறப்படும். பிளசர் ஆளைப் பார்த்துப் புறப்படும். ஒரு நடைக்கு ஆகும் எண்ணெய்ச் செலவு, தேய்மானம், ஓட்டுநரின் கூலி எல்லாம் சேர்த்து 20 ரூபாய் என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் ஏறினால் தலைக்கு 4 ரூபாய். பத்துப் பேர் ஏறினால் 2 ரூபாய். அந்தக் குறைந்த கட்டணத்துக்கு ஈடாகப் பயணி கொடுப்பது காத்திருக்கும் நேரம். முதலில் வந்து ஏறியவன்தான் அதிக நேரம் காத்திருப்பான். பத்தாவதாக வருகிறவனோ ராஜாவைப் போல் வந்து ஏறிய மறுகணமே புறப்பட்டுவிடுவான். இதனை அறிந்தவர்கள் முதல் ஆளாக ஏற மாட்டார்கள். எதிர்த் தேநீர்க்கடையில் உட்கார்ந்து, "எத்தனை பேர் ஆச்சு?" என்று விசாரித்துக்கொண்டே இருப்பார்கள். ஓட்டுநரும் இலேசானவர் அல்லர். ஐந்து இடம் காலியாக இருக்கும்போதே, "ஒரே ஆள்! கோயில்பட்டி ஒரே ஆள்!" என்று கூவுவார். அதை நம்பி ஓடி வந்து ஏறியவர், உள்ளே எண்ணிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பார். அடுத்தவர் ஏறுவதில் இப்போது அவருக்கும் லாபம் அல்லவா?

ஒன்பது பேர் சேர்ந்து, பத்தாவது ஆள் வராமல் பொழுது போகுமானால் ஓர் உடன்படிக்கை ஏற்படும். "அந்த ஒரு ஆள் துட்டை நாங்க பங்கு போட்டுக்கிடுதோம், எடுங்க அண்ணாச்சி" என்று யாராவது சொல்வார். சிலர் முணுமுணுப்பார்கள், ஆனாலும் கொடுத்துவிடுவார்கள். முன்பின் அறியாத ஒன்பது பேர் ஐந்து நிமிஷத்தில் கூடிப் பேசி ஒரு செலவைப் பகிர்ந்துகொள்ளும் அந்தக் காட்சியைப் பொருளாதாரப் பாடம் படிக்கும் மாணவர்கள் பார்த்திருக்க வேண்டும்.

சட்டம் இதற்கு இடம் கொடுத்ததா என்றால், ஓரளவு கொடுத்தது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், ஓட்டுநர் நீங்கலாக ஆறு பேருக்கு மேற்படாமல் ஏற்றும் வாடகை வண்டியை 'மோட்டார் கேப்' என்று வகுத்தது. முழு வண்டியையும் ஒருவரே பேசி அமர்த்துவதுதான் வாடகை வண்டியின் பொது இலக்கணம். ஆயினும் இந்தச் சிறு வண்டியில் மட்டும் பயணிகள் தனித்தனியே கட்டணம் கொடுத்தாலும் அந்த இலக்கணம் கெடாது என்று அச்சட்டமே விலக்கு அளித்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்த விலக்குத் தொடர்ந்தது. ஆகவே கூட்டாக ஏறுவது குற்றமன்று. ஆறுக்கு மேல் ஏறுவதுதான் குற்றம். அந்தக் குற்றத்தை எங்கள் வண்டிகள் நாள்தோறும் செய்தன. ஊர் எல்லையில் சோதனை நடப்பதாக எதிரே வந்த லாரிக்காரர் கையசைத்துக் காட்டினால், நான்கு இளைஞர்கள் இறங்கி, காற்று வாங்குவதற்கு வந்தவர்களைப் போல் நடப்பார்கள். சோதனைச் சாவடி தாண்டி அரை மைலில் வண்டி நின்றுகொண்டிருக்கும்.

ஆறு பேருக்கான வண்டியில் பத்துப் பேர் எப்படி அடங்கினார்கள்? இதற்கு விடை வண்டியின் அமைப்பில் இருக்கிறது. இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1942இல் தோன்றியது. குஜராத்தின் ஓகா துறைமுகத்தில் இருந்த அதன் ஆலை 1948இல் கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவுக்கு மாறியது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியைத் தழுவி 1954இல் 'லாண்ட்மாஸ்டர்' வந்தது; அதன் அடுத்த வடிவமாக 1957-58இல் 'அம்பாசிடர்' வந்தது. இவ்விரண்டிலும் முன்னிருக்கை இப்போதுள்ளவற்றைப் போல் இரண்டு தனி நாற்காலிகள் அன்று. கதவுக்குக் கதவு நீண்ட ஒரே பலகை. கியர்க் கம்பியும் தரையிலிருந்து எழாமல் ஸ்டீயரிங் தண்டின் பக்கத்திலிருந்து நீண்டிருக்கும். ஆதலால் ஓட்டுநரின் முழங்காலுக்கும் அடுத்தவர் முழங்காலுக்கும் நடுவே தடை ஒன்றும் இல்லை. ஓட்டுநரின் இடப்பக்கம் இருவர்; அவருக்கு வலப்பக்கம், கதவை ஒட்டி ஒருவர். ஓட்டுநர் சற்றே நடுவே நகர்ந்து, கைகளை வலப்புறம் நீட்டி ஓட்டுவார். பின்னால் மற்றவர்கள். ஒருவர் சாய்ந்து உட்கார்ந்தால் அடுத்தவர் விளிம்புக்கு நகர்ந்து உட்கார வேண்டும்; அதற்கடுத்தவர் மறுபடி சாயலாம். தோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொருந்திக்கொள்ளும் இந்த வித்தையை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை.

அம்பாசிடரின் உறுதிக்குக் காரணம் லாரிக்கு உள்ளதைப் போன்ற தனி அடிச்சட்டம் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. அடித்தளமும் தூண்களும் கூரையும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஒரே கூடு அது. தடித்த எஃகுத் தகட்டால் ஆன அந்தக் கூடு முழுவதுமே சுமையைத் தாங்கியது. முன்சக்கரங்களுக்கு முறுக்கும்போது எதிர்த்து நிற்கும் நீண்ட எஃகுத் தண்டுகள் வில்லாக அமைந்தன. பின்சக்கரங்களுக்கு மாட்டுவண்டிக்காரரும் அறிந்த பட்டை வில். பல பட்டைகளை அடுக்கிக் கட்டியது. கூட்டு வண்டிக்காரர்கள் அதில் இன்னொரு பட்டையைக் கூடுதலாகச் செருகிக்கொள்வார்கள். ஆள் இல்லாமல் ஓடினால் வண்டி ஆட்டுக்குட்டியைப் போல் துள்ளும்; பத்துப் பேர் ஏறினால்தான் அமைதிப்படும். "நிறைஞ்சாத்தான் வண்டி நிதானம்" என்று எங்கள் ஓட்டுநர் ஒருவர் சொல்லுவார். அது இயந்திர நூலாருக்கும் உடன்பாடான பேச்சுத்தான்.

என்ஜினின் அளவு 1,489 கன சென்டிமீட்டர். வேகம் அதற்குத் தெரியாது, இழுக்கத் தெரியும். மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு மனிதன் கைவிட்டுத் துழாவ இடம் இருக்கும். கார்புரேட்டர், விநியோகப் பெட்டி, தண்ணீர்ப் பம்பு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நான்கைந்து ஸ்பானர்களால் கழற்றிவிடலாம். மோட்டார் தொழிலைப் பள்ளியில் படிக்காத கரிசல் காட்டுப் பையன்கள், பட்டறையில் எண்ணெய்த் துணி பிடித்து நின்றே அதைக் கற்றுக்கொண்டார்கள். பொருள் கிடைக்காவிட்டால் கடைசல் பட்டறையில் கடைந்து போடுவார்கள். அந்நாளில் புது வண்டி வேண்டுமானால் பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே பழைய வண்டி சாகக் கூடாது என்பது எல்லாருடைய தேவையாகவும் இருந்தது. உறுதி என்பது ஆலையில் வார்த்த எஃகில் ஒரு பாதி. பட்டறையில் வைத்த கையில் மறு பாதி.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. 1914இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து சென்டு வாங்கிக்கொண்டு வழியில் நிற்பவர்களைச் சொந்தக் காரில் ஏற்றத் தொடங்கினார்கள். அது விரைந்து மற்ற நகரங்களுக்கும் பரவியது. டிராம் கம்பெனிகள் அலறின. நகராட்சிகள் விதிமேல் விதி போட்டுச் சில ஆண்டுகளில் அதை ஒடுக்கிவிட்டன. துருக்கியின் இஸ்தான்புல்லில் இவ்வகை வண்டிக்குப் பெயரே 'டொல்முஷ்', அதாவது 'நிரம்பியது'. கியூபாவின் ஹவானாவில் 1950களின் அமெரிக்கக் கார்கள் இந்நூற்றாண்டிலும் இந்தத் தொழிலைச் செய்தன.

ஆனால் தமிழர் வரலாற்றில் பழைய கார் செய்த பெரிய காரியம் யாழ்ப்பாணத்தில் நடந்தது. 1990 முதல் 1995 வரை அங்கே போரும் பொருளாதாரத் தடையும் நிலவின. பெட்ரோல் அனுப்பப்படவில்லை. மின்சாரம் இல்லை. அந்த ஆண்டுகளில் ஓடியவை 1950களில் இறங்கிய வண்டிகளே. அவ்வூரார் எழுதும் முறையில் சொன்னால் 'மொறிஸ் மைனர்', 'ஒஸ்ரின் கேம்பிரிஜ்'. அவை ஓடியது மண்ணெண்ணெயில்! பழைய என்ஜின்களில் எரிபொருளை அழுத்தும் விகிதம் குறைவு. ஆதலால் தரம் குறைந்த எண்ணெயையும் அவை சகித்துக்கொள்ளும். ஆனால் குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே பொன்போல் சேமித்து வைத்த பெட்ரோலில் சில துளிகளைக் கார்புரேட்டரில் விட்டு என்ஜினை எழுப்புவார்கள். சூடேறியதும் அது மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு, புகையைக் கக்கியபடி ஓடும். நோயாளிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் அந்த வண்டிகளில்தான் மருத்துவமனை சேர்ந்தார்கள். கணினி வைத்த புதிய என்ஜின் ஒன்று அங்கே இருந்திருந்தால் அது கோழிக்கூடாகத்தான் பயன்பட்டிருக்கும்.

மறுபடி குருவிகுளத்துக்கு வருகிறேன். தோளோடு தோள் நெருங்கி உட்காரும் இந்த வண்டியில் யார் யாரை ஏற விட்டார்கள் என்பதைச் சொல்லாமல் மேலே போவது முறையன்று. வாடகை வண்டிக்கும் சாதிக்கும் உள்ள பகை பழையது. 1929இல் டாக்டர் அம்பேத்கர், பம்பாய் அரசு அமைத்த குழு ஒன்றின் உறுப்பினராகச் சாலீஸ்கான் ரயிலடியில் இறங்கினார். அங்கிருந்த குதிரை வண்டிக்காரர் எவரும் அவருக்கு வண்டியோட்டச் சம்மதிக்கவில்லை. வண்டியை மட்டும் பெற்றுக்கொண்டு, பழக்கமில்லாத ஒருவர் ஓட்ட நேர்ந்தது; பாலமொன்றில் விபத்து நிகழ்ந்து அம்பேத்கருக்குக் கால் எலும்பு முறிந்தது. பொது வாகனங்களில் ஏறுவதைத் தீண்டாமையின் பெயரால் தடுப்பதை 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் தண்டனைக்கு உரியதாக்கியது.

நான் கோவில்பட்டியில் கல்லூரி மாணவனாயிருந்த 1970களில், சட்டம் வந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. பஸ்ஸில் ஐம்பது இடம் உண்டு. விலகி உட்கார விரும்புகிறவர் விலகி உட்காரலாம். பிளசரில் அந்த வசதி இல்லை. ஒருநாள் வண்டி எட்டுப் பேரோடு நின்றது. கூலி வேலை செய்யும் ஒரு பெரியவர், காய்ச்சலில் துவண்ட பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, தோள்துண்டைக் கக்கத்தில் இடுக்கியபடி, கதவுக்குச் சற்றுத் தள்ளியே நின்றார். கேட்கவும் இல்லை, போகவும் இல்லை. உள்ளே பேச்சு நின்றுவிட்டது. ஓட்டுநர் அவரைப் பார்த்து, "பெரியவரே, ஏறும்" என்றார். எங்கள் வட்டாரத்து மாணவர்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். அந்தத் தெருக்காரர் எவ்வளவு மூத்தவரானாலும் 'ஏறு' என்பதுதான் அன்றைய வழக்கு. 'ஏறும்' என்பது சமமானவருக்குச் சொல்வது.

இருவர் இறங்கிக்கொண்டார்கள். ஓட்டுநர் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் இன்னும் துட்டுக் கொடுத்திருக்கவில்லை. நாங்கள் நெருங்கி இடம் விட்டோம். பெரியவர் கதவோரம் ஒட்டி உட்கார்ந்தார். பையனின் கால்கள் என் மடிமேல் கிடந்தன. கொதிக்கும் சூடு. இரண்டு ஆள் குறைவாகவே வண்டி கிளம்பிற்று. இறங்கியவர்களுக்கு மாலை பஸ் வரையில் வேறு வண்டி வாய்க்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். அடுத்த வாரம் அதே இருவரை அதே வண்டியில், எல்லாரோடும் நெருக்கியடித்துக்கொண்டு போகக் கண்டேன்.

அந்த ஓட்டுநரைச் சீர்திருத்தவாதி என்று நான் சொல்ல மாட்டேன். பின்னொரு நாள் இது பற்றிக் கேட்டபோது, "எனக்கு ஆள் சேரணும் தம்பி, வேற என்ன?" என்றார். அது முழு உண்மையாக இருக்க முடியாது. வெறும் ஆள் கணக்கானால் அன்று அவருக்கு நஷ்டம் ஒரு ஆள். வேறு சில வண்டிக்காரர்கள் அப்படிப்பட்டவர்களைக் கண்டும் காணாதவர்போல் புறப்பட்டுப் போனதையும் நான் பார்த்திருக்கிறேன். வண்டி சாதியை ஒழித்துவிட்டது என்று எண்ணிவிடவும் வேண்டாம். 1997இல் நம் தென்பகுதியில் புதிய அரசுப் பேருந்துக் கழகம் ஒன்றுக்குக் கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரைச் சூட்டினார்கள். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்ற எதிர்ப்புக் கிளம்பிக் கலவரமாயிற்று. கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு எடுத்துவிட்டது. 1974 முதல் எங்கள் பகுதியில் பேருந்து ஓட்டிய கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகத்தின் பெயரும் அப்படித்தான் மறைந்தது.

கூட்டு வண்டியின் குறைகளையும் சொல்ல வேண்டும். பத்துப் பேர் பாரத்தில் பிரேக் பிடிக்கும் தூரம் நீளும். நெருக்கடியில் ஓட்டுநரின் முழங்கை அசைய இடமிராது. சித்திரை வெயிலில் தகரக் கூரையின்கீழ் குழந்தைகள் வாந்தியெடுக்கும். 1973இல் உலகெங்கும் எண்ணெய் விலை ஏறிய பிறகு, எட்டாக இருந்த ஆள் கணக்கு பத்தாயிற்று, கட்டணமும் ஏறிற்று. 1980ஐ ஒட்டி டீசல் அம்பாசிடர் வந்ததால்தான் இந்தத் தொழில் இன்னும் சில காலம் மூச்சுவிட்டது. ஆனால் ஆடித்தபசு நாளில் சங்கரன்கோவிலுக்கு எத்தனை நடை அடித்தாலும் கூட்டம் குறையாது; நடுநிசியில் பிரசவ வலி கண்டவளை ஏற்றிச்செல்ல வேறு வண்டியும் கிடையாது. அந்த நடைக்கு மட்டும் ஆள் சேர்க்கும் வழக்கம் இல்லை.

பிறகு பஸ்கள் பெருகின. 1997இல் தமிழக அரசு சிற்றூர்களுக்கு மினி பஸ் திட்டத்தைக் கொண்டுவந்தது. வேன்கள் வந்தன, வீட்டுக்கொரு மோட்டார் சைக்கிள் வந்தது. எங்கள் ஊர்ப் பிளசர்கள் ஒவ்வொன்றாகக் கல்யாண வாடகைக்கும், பிறகு பழைய இரும்புக்கும் போயின. உத்தர்பாரா ஆலை 2014 மே மாதத்தில் உற்பத்தியை நிறுத்தியது. அம்பாசிடர் என்னும் பெயரைப் பிரான்ஸ் நாட்டுப் பீஜோ நிறுவனம் 2017இல் 80 கோடி ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. எங்கள் வண்டிகளில் ஒன்றை உடைத்தபோது அதன் பின்னிருக்கையைத் தேநீர்க்கடைக்காரர் ஒருவர் வாங்கி, கடைவாசலில் செங்கல் அடுக்கி அதன்மேல் போட்டிருந்தார். மூன்று பேர் உட்காரும் இருக்கை அது. நான் பார்த்த போதெல்லாம் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் சாய்ந்தும் அடுத்தவர் விளிம்புக்கு நகர்ந்துமாக.